மறு: ஸ்வீட் கார்ன் கட்டுரை – ‘நெரிசல் தகைவு’ வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம். ஸ்வீட் கார்ன் (இனிப்பு மக்காச்சோளம்) கட்டுரையில் வரும் ‘crowding stress tolerance’, அதாவது நெருக்கி நட்டாலும் செடி தாங்கிக்கொள்ளும் குணம், இதற்குத் தமிழ்ச்சொல் தேடும் பேச்சுக்கு என் பதில் இது.

> ‘நெரிசல் தகைவு தாங்குதிறன்’ என்றே வைத்துவிடலாம். பொருள் முழுதாக வந்துவிடுகிறது.

வருகிறது, வாயில்தான் நுழையவில்லை. ‘தகைவு’ இயற்பியல் பாடத்தில் கம்பியை இழுக்கும்போது வருவது. ‘நெரிசல்’ என்றால் தேர்க்கூட்டம். ஆளை ஆள் இடிப்பது. மக்காச்சோளத் தட்டைகள் இடித்துக்கொள்வதற்கு வெகுமுன்பே சங்கதி ஆரம்பித்துவிடுகிறது. பக்கத்துச் செடியின் இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிவிட்டுத் தொலைச்சிவப்பை (far-red, சிவப்புக்கு அப்பால் கண்ணுக்கு அரிதாகவே தெரியும் ஒளி) திருப்பி அனுப்பும். இளஞ்செடி அந்த விகித மாற்றத்தை உணர்ந்து, நிழல் விழுமுன்பே நெடுநெடுவென்று வளரத் தொடங்கும். தட்டை மெலியும், பக்கவாட்டில் வெடிக்கும் தூர் குறையும், பிறகு ஒரு காற்றுக்குச் சாயும்.

> கதிர் சிறுப்பதும் சொல்லிலேயே தெரிய வேண்டாமா?

அவ்வளவு சுமையை ஒரு சொல் தாங்காது. போன பட்டத்தில் குழிக்கு இரண்டு விதை போட்டு, இரண்டு வரிசையில் மட்டும் கூடுதல் செடியைப் பிடுங்காமல் விட்டுவிட்டேன் (சோம்பல்தான், ஆராய்ச்சி இல்லை). கொண்டை (உச்சியில் வரும் ஆண் பூ) நாள் தவறாமல் பூத்து மகரந்தம் கொட்டியது. பட்டு நூல் (கதிரிலிருந்து நீண்டு மகரந்தம் ஏற்கும் இழை) பிந்தித்தான் எட்டிப் பார்த்தது. மடலை உரித்தால் அடிப்பக்கம் மணி வரிசையாக இருக்கிறது, நுனியில் இரண்டு விரற்கடை வெறும் சக்கை. சில தட்டையில் கதிரே இல்லை. தானியத்துக்கு வளர்க்கும் மக்காச்சோளத்தில் கதிர் சற்றுச் சிறுத்தாலும் செடி எண்ணிக்கை ஓரளவு ஈடுகட்டும். ஸ்வீட் கார்னைக் கதிர்க் கணக்கில் விற்கிறோம். நுனி மொட்டையை யார் வாங்குவார்?

‘அடர்த்தி’யும் சரிவராது. அது வெறும் எண். 60 செ.மீ.க்கு 25 செ.மீ. நட்டால் ஹெக்டேருக்குச் சுமார் 66,600 செடி. அதே எண்ணிக்கையில் ஒரு ரகம் வாடும், இன்னொன்று அலட்டிக்கொள்ளாது. அமெரிக்காவில் 1930களுக்குப் பின் தானிய மக்காச்சோள விளைச்சல் ஏறியதற்கு ஒரு பெருங்காரணம், புதிய ஒட்டு ரகங்கள் நெருங்கி நிற்பதைப் பொறுத்துக்கொண்டதுதான். தனித்து நிற்கும் செடியின் விளைச்சல் பெரிதாக ஏறிவிடவில்லை. நமக்குச் சொல் வேண்டியது இந்தப் பொறுத்துக்கொள்ளும் குணத்துக்கு.

‘நண்டோட நெல்லு, நரியோட கரும்பு, வண்டியோட வாழை, தேரோட தென்னை’ என்று இடைவெளிக்கு இலக்கணம் சொன்னவர்கள் நாம். மக்காச்சோளம் பிந்தி வந்த பயிர், அந்த வரிசையில் இடம் கிடைக்கவில்லை.

என் பரிந்துரை: செடி படும் பாட்டுக்கு ‘நெருக்கு’, அதைத் தாங்கும் குணத்துக்கு ‘நெருக்குப்பொறுதி’. ‘இந்த ரகத்துக்கு நெருக்குப்பொறுதி அதிகம்’, ‘நெருக்குப் பொறுக்காத ரகம்’ என்று வினையாகவும் வளைக்கலாம். ‘தகைவு’ அப்படி வளையாது.

> ‘பொறுதி’ மனிதக் குணமாகத் தொனிக்கிறதே?

தொனிக்கட்டும். மண் ‘களைத்துவிட்டது’ என்கிறோம், பயிர் ‘ஏங்குகிறது’ என்கிறோம்.

கட்டுரையில் இன்னொன்றும் நிற்கிறது: கொண்டை மகரந்தம் விடுவதற்கும் பட்டு வெளிவருவதற்கும் இடைப்பட்ட நாள்கணக்கு. ‘பட்டுப் பிந்தல்’ என்று பென்சிலில் குறித்து வைத்திருக்கிறேன். யாராவது அடித்துத் திருத்துங்கள்.