சம்பந்தி வீட்டு ஞாயிறு ரோஸ்ட்டும் என் சுகரும்

இந்தச் சர்க்கரை நோயாளிகள் குழுவில் எல்லோரும் சோற்றையும் இட்லியையும் குறைத்த கதை எழுதுகிறீர்கள். என் கதை கொஞ்சம் வேறு. வீட்டில் சோறு எப்போதோ ஒரு கரண்டிக்கு வந்துவிட்டது, ஆனால் மாதத்தில் இரண்டு ஞாயிறு சம்பந்தி வீட்டில் மதியச் சாப்பாடு, அதாவது ஞாயிறு ரோஸ்ட்: ஓவனில் சுட்ட இறைச்சி, உருளைக்கிழங்கு, காய்கறி, மேலே கிரேவி. மருமகள் யார்க்‌ஷயர்க்காரி. நாங்கள் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் இருக்கிறோம், அவர்கள் முக்கால் மணி நேரத் தொலைவில் ஒரு கிராமத்தில். மருமகளின் அம்மாவைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், இந்த ஊர் வழக்கம் அது, எனக்கு இன்னும் வாயில் வரவில்லை, அதனால் இங்கே சம்பந்தியம்மா என்றே எழுதுகிறேன். நாங்கள் போகிற அன்றைக்கு மாடு கிடையாது, ஆட்டுத்தொடையோ கோழியோதான். நாங்கள் கேட்டதில்லை, அவராகவே பார்த்துக்கொள்கிறார்.

டைப் 2 சர்க்கரை நோய் என்று தெரிந்து, மெட்ஃபார்மின் மாத்திரை ஆரம்பித்த பிறகு போன முதல் ஞாயிறு. ரொம்ப வைராக்கியமாகப் போனேன். உருளைக்கிழங்கு வேண்டாம். யார்க்‌ஷயர் புட்டிங் (இனிப்பு இல்லை, முட்டையும் மாவும் கரைத்து ஓவனில் சுடுவது) வேண்டாம். சம்பந்தியம்மா முகம் சுருங்கிப்போனது, அந்த ஊரில் போய் அந்த புட்டிங்கை வேண்டாம் என்றால், நம் வீட்டுக்கு வந்தவர் சாம்பார் வேண்டாம் என்பது போல. அதை ஈடுகட்ட மற்றதையெல்லாம் தாராளமாக எடுத்துக்கொண்டேன்: பார்ஸ்னிப் நாலு துண்டு (முள்ளங்கி ஜாதி என்று நினைப்பு), ஸ்டஃபிங் இரண்டு உருண்டை, மின்ட் சாஸ், கிரேவியை ரசம் மாதிரி ஊற்றி. இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தால் சுகர் 8.2 (இங்கே மீட்டர் mmol/L-இல் காட்டும்). ஜெயித்துவிட்டேன் என்று வீட்டுக்காரரிடம் காட்டினேன். இரவு ஏழு மணிக்கு என்னவோ சோர்வாக இருக்கிறதே என்று மறுபடி பார்த்தால் 12.4! ஊரில் இருக்கிறவர்கள் 18-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், 220-ஐத் தாண்டும்.

டயாபடிஸ் நர்ஸிடம் தட்டில் இருந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னேன். பார்ஸ்னிப் மாவுச்சத்துள்ள கிழங்கு, அதையும் தேன் தடவித்தான் ரோஸ்ட் செய்திருந்தார்கள். ஸ்டஃபிங் என்பது வெங்காயமும் சேஜ் இலையும் போட்ட ரொட்டித்தூள். மின்ட் சாஸில் சர்க்கரை. கடை கிரேவித்தூள் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பலதில் முதல் பொருளே உருளைக்கிழங்கு ஸ்டார்ச். அதற்கு மேல் இத்தனை கொழுப்போடு சாப்பிடும்போது மாவுச்சத்து மெதுவாகத்தான் இறங்குமாம், அதனால்தான் இரண்டு மணி நேரத்தில் நல்ல பிள்ளையாக இருந்தது நாலைந்து மணி நேரத்தில் ஏறியது. நான் தள்ளிவைத்த புட்டிங்கோ, கடையில் விற்கிற சின்னது ஒன்றில் மாவுச்சத்து ஏழு கிராம் போலத்தான். வேண்டாம் என்று சொல்லக்கூடாததைச் சொல்லி சம்பந்தியம்மாவை நோகடித்ததுதான் மிச்சம். உருளைக்கிழங்கு விஷயத்தில் மட்டும் நான் செய்தது சரி, மூன்று துண்டு போட்டுக்கொண்டால் 35 கிராமுக்கு மேல் போய்விடும்.

அடுத்த முறை சீக்கிரமே போய் அடுப்படியில் நின்றுகொண்டேன். முட்டை, மைதா, பால் கரைத்த மாவைப் புகை வருகிற கொழுப்பில் ஊற்றினார், சுர்ரென்று ஓரம் தூக்கியது. ஓவன் கதவைத் திறக்காதே, அமுங்கிவிடும் என்று அதட்டல் வேறு. அப்போது ஒன்று சொன்னார். அவர் பாட்டி வீட்டில் புட்டிங்கைக் கிரேவியோடு முதலிலேயே பரிமாறிவிடுவார்களாம். வயிறு அதில் நிறைந்துவிட்டால் இறைச்சி குறைவாக இருந்தாலும் எல்லோருக்கும் வரும். நம் பந்தியில் முதலில் சோற்றை மலையாகக் குவிப்பார்களே, அதே கணக்கு. எனக்குத் தலைகீழாக வேண்டும் என்றேன், இறைச்சியும் கோஸும் முதலில், மாவு கடைசியில். அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது, சுகரைப் பற்றி நான் அதுவரை கொடுத்த விளக்கமெல்லாம் வீண்.

இப்போது எனக்கான ஒரு புட்டிங் மட்டும் இரண்டாம் ஈடில் வேகிறது, நான் கோஸை முடிக்கிற நேரத்தில் சூடாக வரும். உருளை ஒன்று, அதுவும் மொறுமொறு ஓரம் உள்ள துண்டு. மீதி இடத்தில் செலரியாக், மாவுச்சத்து குறைந்த ஒரு கிழங்கு. பார்க்கச் சேனைக்கிழங்குக்குச் சொந்தக்காரன் மாதிரி மண்ணும் வேருமாக இருக்கும், சீவி ரோஸ்ட் செய்தால் உருளைக்கு ஈடாகாது, பொய் சொல்ல மாட்டேன், ஆனால் கிரேவி தொட்டுக்கொள்ள ஆகும். அந்தக் கிரேவியையும் இப்போது சம்பந்தியம்மா மாவு இல்லாமல்தான் செய்கிறார். சாப்பிட்டதும் நானும் சம்பந்தியம்மாவும் நாயைக் கூட்டிக்கொண்டு இருபது நிமிடம் நடை, பாத்திரம் அந்தந்த வீட்டுக்காரர் பாடு. போன தடவை நாலு மணி நேரம் கழித்து 9.1.

* * *

அக்கா, நான் டைப் 1, இன்சுலின். உங்கள் பதிவில் ஒன்று சேர்க்க வேண்டும். லண்டனில் நண்பன் வீட்டில் "ஐந்து நிமிடத்தில் சாப்பாடு" என்றார்கள், நம்பி ஊசி போட்டுவிட்டேன். இறைச்சியை வெளியே எடுத்ததும் அதை அரை மணி நேரம் சும்மா "ரெஸ்ட்" பண்ண வைப்பார்கள் என்று எனக்கு யார் சொன்னது! அதற்குள் கை நடுங்கி, வேர்த்து, பார்த்தால் சுகர் 3.3-க்கு இறங்கியிருந்தது. ஆரஞ்சு ஜூஸ் குடித்து, எல்லோரும் என்னையே பார்க்க, ஒரே கூத்து. இப்போதெல்லாம் தட்டு முன்னால் வந்து உட்கார்ந்தால்தான் ஊசி. கொழுப்பு அதிகமான சாப்பாட்டுக்கு டோஸைப் பிரித்துப் போடச் சொல்லித் தந்திருக்கிறார்கள், ஆனால் அதை அவரவர் டாக்டரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும், என்னைப் பார்த்து யாரும் செய்யாதீர்கள்.

* * *

நாங்கள் சைவம். பப்பில் (மதுவிடுதியில்) நட் ரோஸ்ட் என்றதும் பருப்பும் கொட்டையும்தானே என்று நிம்மதியாகச் சாப்பிட்டேன், அதிலும் ரொட்டித்தூள். அக்கா, அந்தக் கிரேவியை மாவு இல்லாமல் எப்படிச் செய்கிறார்?

* * *

ட்ரேயில் ஒட்டியிருக்கிற சாற்றில் கொழுப்பை வடித்துவிட்டு, கோஸ் வெந்த தண்ணீர் ஊற்றிச் சுரண்டி, பாதியாக வற்ற விடுகிறார், அவ்வளவுதான். தண்ணியாகத்தான் இருக்கும். உங்களுக்கு வெங்காயத்தையும் காளானையும் நன்றாகக் கருக்கி அதே மாதிரி முயன்று பாருங்கள். தம்பி, அந்த ரெஸ்ட் விஷயம் எனக்கும் தோன்றவே இல்லை, நல்ல வேளை சொன்னீர்கள். இந்த ஞாயிறு கோழியாம். கால்பந்து சைஸில் ஒரு செலரியாக்கை அடுப்பு மேடையில் வைத்துப் படம் எடுத்து மருமகள் வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறாள், அத்தனையும் எனக்கே எனக்காம்.