அப்பாவின் டாட்ஜ் வேனும் அதில் இருந்த டிராகனும்

டிராகன்_வேன் கேட்கிறார்:

1986-இல் நாங்கள் கிளீவ்லாந்தில் இருந்தபோது அப்பா ஒரு டாட்ஜ் டிரேட்ஸ்மேன் வாங்கினார். 1977 மாடல். எழுபதுகளில் அமெரிக்கப் பையன்கள் சரக்கு வேன்களை ஓவியமும் கார்பெட்டுமாக அலங்கரித்தார்களே, அந்த வேன் மோகமெல்லாம் அப்பாவுக்குக் கிடையாது. ஐந்து பேர் ஏற வேண்டும், விலை குறைவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் சொந்தக்காரர் இருபது வயதில் அதை ஆசை ஆசையாக இழைத்திருந்தார், பிள்ளை பிறந்ததும் தள்ளிவிட்டார். தரை, சுவர், கூரை எங்கும் சடை சடையாக ஆரஞ்சு நிற கார்பெட். பின்னால் கண்ணீர்த்துளி வடிவத்தில் ஒரு குமிழ்க் கண்ணாடி ஜன்னல். ஓட்டுநர் பக்கம் பின்கதவு கிடையாது என்பதால் ஓவியத்துக்கு முழுச் சுவரும் கிடைத்திருந்தது: மலை உச்சியில் டிராகன், அதன்மேல் வாளோடு ஒரு பெண். அவள் உடுத்தியிருந்ததை உடை என்று சொன்னால் அம்மா முறைப்பார்.

அந்த வேனில்தான் பிட்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்குப் போவோம். ஓவியம் வேலியைப் பார்த்து நிற்கும்படி ஓர் இடம் கிடைக்கும்வரை அப்பா பார்க்கிங்கில் சுற்றிக்கொண்டே இருப்பார். ஒருமுறை திரும்பி வரும்போது சாம்பார் தூக்கு கவிழ்ந்தது. வேனை விற்ற நாள்வரை அந்தச் சடைக்குள்ளிருந்து கடுகு வந்துகொண்டே இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அதே மாடல் ஒன்று இப்போது விற்பனைக்கு வந்திருக்கிறது. அந்திச் சூரியனும் ஓர் ஓநாயும் வரைந்திருக்கிறது. பெயின்ட் முழுக்க முடியிழை போல விரிசல். மேலே கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சு அடித்தால் சரியாகிவிடும் என்கிறார் விற்பவர். நம்பலாமா? அப்புறம், ஊரெங்கும் ஓடிய இந்த வேன்கள் எங்கேதான் போயின?

பழைய_பெயின்டர்:

நம்பாதீர்கள் தம்பி. டெட்ராய்ட் பக்கம் இருபது வருடம் பாடி ஷாப்பில் வேலை பார்த்தவன் சொல்கிறேன்.

காற்றால் பெயின்டைத் தூவி வரைந்த அந்தக் காலத்து ஏர்பிரஷ் ஓவியம் பெரும்பாலும் அக்ரிலிக் லாக்கர் என்ற பெயின்ட். சீக்கிரம் காயும், ஒரே நாளில் பல பூச்சு போடலாம், தேய்த்தால் கண்ணாடி மாதிரி மின்னும். ஓவியத்துக்குக் கீழே நான்கு பூச்சு, மேலே ஆறு பூச்சு என்று பையன்கள் அடுக்கித் தள்ளினார்கள். வயதானால் லாக்கர் இறுகிவிடும். அடியில் தகடு வெயிலில் விரியும், பனியில் சுருங்கும், பெயின்டால் கூடவே அசைய முடியாது. பூச்சு எவ்வளவு கனமோ அவ்வளவு விரிசல்.

அதன்மேல் புது கிளியர் கோட் அடித்தால், அதிலுள்ள தின்னர், அதாவது பெயின்டைக் கரைக்கும் திரவம், விரிசலுக்குள் இறங்கி ஓரங்களை உப்ப வைக்கும். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. தொண்ணூறுகளில் ஒருவர் தன் வேனைக் கொண்டுவந்தார், பக்கவாட்டில் பால்வெளி மண்டலம், அவரே வரைந்தது. நான்தான் தைரியம் சொல்லி யூரித்தேன் வகைக் கிளியர் கோட் அடித்தேன். இரண்டு மாதத்தில் கோடைக்கால ஏரி மாதிரி வெடித்துக் கிடந்தது. அவர் சண்டை போடவில்லை. உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்தார், போய்விட்டார். விரிசலோடு விட்டிருந்தால் இன்னும் இருபது வருடம் அந்த நட்சத்திரங்கள் இருந்திருக்கும்.

ஆகவே ஓநாயைத் தொடாதீர்கள். வெயில் படாமல் நிறுத்துங்கள், போதும். நீங்கள் பயப்பட வேண்டியது ஜன்னலுக்கு. பையன்கள் தகட்டை ஜிக்சா ரம்பத்தால் அறுத்து, அறுத்த விளிம்புக்கு ஒரு பூச்சுகூட அடிக்காமல் குமிழ்க் கண்ணாடியை மாட்டிவிடுவார்கள். ரப்பர் காய்ந்ததும் தண்ணீர் உள்ளே இறங்கும், கார்பெட் அதைப் பஞ்சு மாதிரி பிடித்து வைத்துக்கொள்ளும். ஜன்னலுக்கு நேர் கீழே கார்பெட்டைத் தூக்கி மோந்து பாருங்கள். அப்புறம் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். விற்பவர் முகம் மாறினால் விடை கிடைத்துவிட்டது.

எங்கே போயின என்று கேட்டீர்கள். 1973-இல் கொலராடோவில் முதல் தேசிய வேன் கூட்டம் நடந்தபோது இது பையன்களின் சொந்த விளையாட்டு. 1976-இல் டாட்ஜே ‘ஸ்ட்ரீட் வேன்’ என்றும் ஃபோர்டு ‘குரூசிங் வேன்’ என்றும் அலங்கார வேன்களைத் தாங்களே விற்க ஆரம்பித்தார்கள். அடுத்த வருடம் பின்டோ என்ற குட்டிக் காருக்குக்கூட ஃபோர்டு வட்ட ஜன்னல் வைத்தது! கடையிலேயே கிடைக்கும் என்றால் ராத்திரியெல்லாம் ஜிக்சா பிடிப்பானேன்? 1979-இல் பெட்ரோலுக்கு வரிசை நின்றதும் பெட்ரோலைக் குடிக்கும் வி8 இன்ஜின் வேன் யாருக்கும் கட்டுப்படியாகவில்லை.

இண்டியானா_அக்கா:

அண்ணா, ஜன்னல் விஷயம் முழுக்கச் சரி. ஆனால் வேன்கள் மறைந்ததாக நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கல்யாணம் பண்ணிக்கொண்டன, அவ்வளவுதான். எண்பதுகளில் எங்கள் இண்டியானாவின் எல்கார்ட் பக்கம் பட்டறை பட்டறையாக, சரக்கு வேனைக் குடும்ப வேனாக மாற்றி ‘கன்வெர்ஷன் வேன்’ செய்தார்கள். டிராகன் போய்ப் பழுப்பு நிறக் கோடு வந்தது, சடை கார்பெட் போய் வெல்வெட் மாதிரி துணி வந்தது. எங்களுடையது 1988 ஃபோர்டு எகனோலைன் வேன். கைப்பிடி வைத்த நான்கு தனி இருக்கை, ஜன்னலுக்கு மடிப்புத் திரை, பொத்தானை அழுத்தினால் முனகிக்கொண்டே படுக்கையாக மாறும் பின் சோபா. அது ஒருநாள் பாதியில் நின்றுவிட்டது, மாமியார் அதன்மேல் இருக்கும்போதே. ஃபுளோரிடா வரை சாய்ந்தபடியே வந்தார், பாவம்.

அவற்றின் சந்தையைப் பிடித்தது 1984 மாடலாக வந்த டாட்ஜ் கேரவன் என்ற மினிவேன்தான். வீட்டு கராஜுக்குள் நுழையும், கார் மாதிரி ஓடும். எங்களுடையது மழையிலேயே நின்றது.

டிராகன்_வேன்:

நன்றி ஐயா, நன்றி அக்கா. நேற்று போய் கார்பெட்டைத் தூக்கினேன். வாடையே போதும். ஒரு பக்கம் ஸ்க்ரூடிரைவர் அப்பளத்தில் இறங்குவது போல இறங்கியது, மறுபக்கம் தகடு கெட்டியாக இருக்கிறது. விற்பவர் கிளியர் கோட் பேச்சை விட்டுவிட்டு விலையைக் குறைத்தார். அம்மாவிடம் போனில் சொன்னேன். துரு, விலை எதையும் கேட்கவில்லை. “ஓநாய் மட்டும்தானே? அப்படியென்றால் வாங்கு” என்றார்.