லேண்ட்ஸ்கேப்பிங் கட்டுரையைத் திருத்தியவர்களின் அனுபவங்கள் (வரப்பு, மழைமானி, புல்தரை ஆகியவை அவர்களின் பயனர் பெயர்கள்)

வரப்பு:

விக்கிப்பீடியாவில் லேண்ட்ஸ்கேப்பிங் (கட்டடத்தைச் சுற்றிய வெளி நிலத்தைத் திருத்தி அமைக்கும் வேலை) பற்றிய கட்டுரையை முதலில் படித்தபோது பாதிக்கு மேல் அழகும் மனநிம்மதியும்தான் இருந்தன. "வெளிப்புறத்தைச் சொர்க்கமாக மாற்றும் கலை" என்று ஒரு வரி. அதற்குக் கீழே செடிகளின் நீண்ட பட்டியல். தண்ணீர் எங்கே விழுந்து எங்கே போகும் என்ற பேச்சே இல்லை. வேலை தெரிந்தவர்களைக் கேட்டால் செடி கடைசியில் வருவது என்பார்கள். முதலில் மட்டம், சரிவு, வடிகால். அப்புறம் சுவர், படி, நடைபாதை, குழாய். இதெல்லாம் முடிந்த பிறகுதான் குழி தோண்டி நடுவது. கட்டுரை தலைகீழாக நின்றது.

அதனால் மண்வேலையில் இருந்து தொடங்கினேன். கட்டடத்தை ஒட்டிய தரை வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மழைநீர் அடித்தளத்தை நோக்கித்தான் வரும். அமெரிக்காவில் வீடுகளுக்கான கட்டுமான விதித்தொகுப்பு முதல் 10 அடிக்குள் 6 அங்குல இறக்கம் கேட்கிறது, அதாவது 5 சதவீதம். இதை நாட்டின் பெயரோடு எழுதியிருந்தேன். மறுநாள் ஒருவர் நாட்டின் பெயரை எடுத்துவிட்டு, உலகம் முழுவதற்குமான விதி போல மாற்றியிருந்தார். காரணம் கேட்டதற்கு "வாக்கியம் சுருக்கமாக இருக்கட்டும் என்றுதான்" என்றார். ஒரு விதித்தொகுப்பின் எண்ணை அது யாருடையது என்று சொல்லாமல் போட்டால் படிப்பவர் தவறாக எடுத்துக்கொள்வார் என்று பேச்சுப் பக்கத்தில் (கட்டுரையைப் பற்றித் தொகுப்பவர்கள் விவாதிக்கும் பக்கம்) எழுதினேன். சண்டையில்லாமல் அவரே பழையபடி மாற்றிவிட்டார்.

அடுத்தது தாங்குசுவர், அதாவது மண் சரியாமல் தாங்கி நிற்கும் சுவர். சுவருக்குப் பின்னால் சரளைக்கல் நிரப்பி, நீர் வெளியேறத் துளையோ குழாயோ விடாவிட்டால், ஈரமண்ணின் எடையோடு தேங்கிய நீரின் அழுத்தமும் சேர்ந்து சுவரைத் தள்ளும். இந்த ஒரு பத்திக்காக நான் புரட்டிய கட்டுமானப் பாடநூல்கள் கொஞ்சநஞ்சமல்ல. தொழில் செய்பவர்களுக்கு அன்றாடம் தெரிந்த விஷயம், ஆனால் அச்சில் தேடினால் சட்டென்று அகப்படாது.

மறக்க முடியாதவர் ஒருவர் உண்டு. தோட்ட வேலையிலேயே தலை நரைத்தவர் என்று அவர் எழுத்திலேயே தெரிந்தது. மூடாக்கு (செடியைச் சுற்றி மண்மேல் பரப்பும் இலை, மரச்சீவல் போன்றவை) பற்றி அருமையாக ஒரு பத்தி சேர்த்தார்: 5 முதல் 10 செ.மீ. கனம் போதும், அடிமரத்தை ஒட்டிக் குவிக்கக் கூடாது, குவித்தால் பட்டை ஈரத்திலேயே இருந்து அழுகும். எல்லாம் சரி. ஆனால் மேற்கோள் ஒன்றுகூட இல்லை. யாரோ ஒருவர் பத்தியையே நீக்கிவிட்டார். பெரியவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! "நான் கையால் செய்ததற்கு எவன் எழுதிய புத்தகம் சாட்சி?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் படிப்பவருக்கு அவர் யாரென்று தெரியாது, அதே இடத்தில் நாளை வேறொருவர் 30 செ.மீ. என்று எழுதிவிட்டும் போகலாம். நான் தோட்டக்கலைக் கையேடுகளில் தேடி அதே விஷயத்தைக் கண்டுபிடித்து, மேற்கோளோடு பத்தியைத் திரும்பப் போட்டேன். அதன்பிறகு அவர் தகவலைச் சொல்வார், நான் சான்று தேடுவேன் என்று ஆகிவிட்டது. கட்டுரையில் இன்று உருப்படியாக இருக்கும் பல வரிகள் அப்படி வந்தவை.

மழைமானி:

நான் எழுதியதைவிட நீக்கியதுதான் அதிகம். இந்தக் கட்டுரையைக் கவனிப்புப் பட்டியலில் (பக்கத்தில் நடக்கும் மாற்றங்களைக் காட்டும் பட்டியல்) போட்டு வைத்திருப்பவர்களுக்கு என் பாடு புரியும். தோட்டம் அமைத்துத் தரும் நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் ஒரு இணையதளம், அந்தத் தளத்துக்கு ஒரு இணைப்பு வேண்டும். முன்பெல்லாம் பக்கத்தின் அடியில் வெளிப்படையாகப் போடுவார்கள். இப்போது நயமாக வருகிறார்கள். "புல்லை மிகக் குட்டையாக வெட்டினால் வேர் ஆழமாகப் போகாது" என்று சரியான வாக்கியம் ஒன்று, அதற்குச் சான்றாகத் தங்கள் விலைப்பட்டியல் பக்கம்! இத்தனைக்கும் விக்கிப்பீடியாவின் வெளி இணைப்புகளில் தேடுபொறிக்கு 'இதைக் கணக்கில் எடுக்காதே' என்று சொல்லும் "நோஃபாலோ" குறி இருக்கிறது, தேடுபொறி தரவரிசைக்காகப் போட்டால் எதிர்பார்க்கும் பலன் கிடைக்காது. சொன்னால் யார் கேட்கிறார்கள்?

ஒருவர் மட்டும் வித்தியாசமாக நடந்துகொண்டார். இணைப்பை இரண்டாம் முறை நீக்கியதும், ஒரு நிறுவனத்துக்காகச் சம்பளத்துக்கு எழுதுவதாகத் தானே ஒப்புக்கொண்டார். பணம் பெற்றுத் தொகுப்பவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது 2014 முதல் விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதியிலேயே இருக்கிறது. அதைக் காட்டி, "கட்டுரையில் கை வைக்காதீர்கள், வேண்டியதைப் பேச்சுப் பக்கத்தில் கேளுங்கள்" என்றேன். போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. சொட்டுநீர்க் குழாய் பதிக்கும்போது எடுத்த படங்களை, நிறுவனத்தின் பெயர் எதுவும் இல்லாமல், பொதுவகத்தில் (விக்கிமீடியாவின் படக் களஞ்சியம்) ஏற்றிக் கொடுத்தார். பூத்துக் குலுங்கும் முடிந்த தோட்டத்தின் படம் யாரிடமும் கிடைக்கும். பள்ளம் திறந்து கிடக்கும் படம் கிடைப்பதுதான் அபூர்வம்.

புல்தரை:

என் பங்கு வரலாற்றுப் பகுதி. அதில் வெர்சாய் தோட்டத்தை வடிவமைத்த பிரெஞ்சுக்காரர் லெ நோத்ர், ஆங்கிலேயத் தோட்ட வடிவமைப்பாளர் "கேபபிலிட்டி" பிரவுன் என்று பெயர்களை அடுக்கிவிட்டு நேராக நியூயார்க் சென்ட்ரல் பார்க்குக்குத் தாவியிருந்தார்கள். பெயர் மட்டும் வரலாறாகுமா? வரப்பு சொன்ன மண்ணும் நீரும் இங்கேயும்தான் இருக்கின்றன. பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் நீரூற்றுகளுக்குத் தண்ணீர் போதாமல், செய்ன் ஆற்றிலிருந்து ஏற்றுவதற்கு மார்லியில் ராட்சதச் சக்கரங்கள் கொண்ட இயந்திரத்தையே கட்டினார்கள். அது 1684இல் இயங்கத் தொடங்கியது. இங்கிலாந்தின் பிளெனிம் அரண்மனையில் பிரவுன் க்ளைம் என்ற சிற்றாற்றுக்கு அணை போட்டு ஏரியை உண்டாக்கினார். இன்று பார்ப்பவருக்கு இயற்கையாகவே அமைந்த ஏரி போலத் தெரியும். ஓல்ம்ஸ்டெட், வாக்ஸ் இருவரின் 1858ஆம் ஆண்டுத் திட்டம் சென்ட்ரல் பார்க்கின் சதுப்பையும் பாறையையும் எதிர்கொண்டது. இதையெல்லாம் சேர்த்த பிறகுதான் அந்தப் பகுதிக்கு உயிர் வந்தது.

ஐரோப்பாவோடு நிறுத்தக் கூடாது என்று ஜப்பானின் "சகுதெய்கி"யையும் சேர்த்தேன். 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தோட்டக் கையேடு. கல்லை எப்படி நிறுத்துவது, நீரோடையை எந்தத் திசையில் விடுவது என்று அதில் விரிவாக இருக்கிறது. "இது லேண்ட்ஸ்கேப்பிங் இல்லை, தோட்டக்கலை" என்று ஒருவர் நீக்கினார். நான் திரும்பப் போட்டேன். அவர் மறுபடி நீக்கினார். அதற்கு மேல் போனால் தொகுப்புப் போர் என்று இருவரையுமே தடை செய்வார்கள், அதனால் பேச்சுப் பக்கத்துக்குப் போனோம். நீளமான வாக்குவாதம், நடுவில் மூன்றாமவர் ஒருவரும் வந்தார். கடைசியில் நிலத்தையும் நீரையும் மாற்றியமைப்பது பற்றிப் பேசும் எதுவும் இங்கே இருக்கலாம், செடி வளர்ப்பு மட்டும் தோட்டக்கலைக் கட்டுரைக்குப் போகட்டும் என்று எல்லை போட்டோம். சகுதெய்கி தங்கிவிட்டது. என்னோடு மோதியவரே அந்த நீண்ட செடிப் பட்டியலையும் வெட்டினார். அதற்கு அவருக்கு என் நன்றி.

வரப்பு:

அந்தப் பட்டியல் போனபோது நானும் மகிழ்ந்தேன். மிச்சமிருக்கும் பெரிய குறை படம்தான். தாங்குசுவரின் குறுக்குவெட்டுத் தோற்றம் ஒன்று வேண்டும்: மண், சரளை, வடிகுழாய், சுவர், அடித்தளம் தெரிய வேண்டும். பாடநூல் படத்தை நகலெடுத்தால் பதிப்புரிமைச் சிக்கல் வரும், அதனால் புதிதாக வரைய வேண்டும். எஸ்விஜி (எழுத்தையும் கோட்டையும் பிறகு திருத்தக்கூடிய பட வடிவம்) கோப்பாக இருந்தால் மற்ற மொழிக்காரர்களும் எழுத்தை மாற்றிப் பயன்படுத்திக்கொள்வார்கள். வரையத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அளவுகளை நான் எடுத்துத் தருகிறேன்.