இன்டிஜர் ஓவர்ஃப்ளோவுக்கு ‘வழிதல்’ பொருந்துமா?

அண்ணா, உங்க கணினிச் சொற்கள் பட்டியல்ல இன்டிஜர் ஓவர்ஃப்ளோவுக்கு, அதாவது ஒரு முழுஎண் தனக்கு ஒதுக்கின பிட்டுகள்ல கொள்ளாம போறதுக்கு, ‘முழுஎண் வழிதல்’னு போட்டிருக்கீங்க, எனக்கு இதுல உடன்பாடு இல்ல. பஃபர் ஓவர்ஃப்ளோவுக்கு (ஒதுக்கின மெமரி கொள்ளறதுக்கு மேல டேட்டா எழுதறது) வழிதல் கச்சிதமான சொல், ஏன்னா அங்க டேட்டா நிஜமாவே பக்கத்து மெமரில போய் விழுது. இன்டிஜர்ல எதுவும் வழியறதில்லையே. ஜாவால 32 பிட் இன்ட் (முழுஎண்) அதோட உச்ச அளவான 2147483647ல நிக்கும்போது ஒண்ணு கூட்டினா -2147483648 ஆயிடும், பழைய வண்டி மீட்டர் 99999 தாண்டினதும் 00000க்குப் போற மாதிரி. பானை வழிஞ்சா பானை நிறைஞ்சுதானே இருக்கணும், இங்க ஒரு சொட்டுல அடிமட்டத்துக்குப் போயிடுது.

அதோட, எல்லா மொழியும் இப்படிச் சுத்தி வர்றதில்ல. சி (C) மொழில சைன்டு இன்ட் (மைனஸ் எண்ணும் வைக்கக்கூடிய வகை) அளவு தாண்டினா என்ன ஆகணும்னு மொழியோட ஸ்டாண்டர்டு எதுவுமே சொல்லல, அதனால கம்பைலர் (நாம எழுதினதை மெஷின் மொழிக்கு மாத்தறது) அப்படி நடக்கவே நடக்காதுன்னு எடுத்துக்கிட்டு சில சமயம் நாம எழுதி வச்ச செக்கையே தூக்கிடுது, இது ரொம்ப ஆபத்து. ஸ்விஃப்ட் புரோகிராமை அங்கயே நிறுத்திடும். ரஸ்ட் வழக்கமா டீபக் பில்டுல (சோதிச்சுப் பார்க்கற வடிவம்) பேனிக் ஆகும், அதாவது எரர் சொல்லி நின்னுடும், ரிலீஸ் பில்டுல (வெளியிடற வடிவம்) சுத்தி வரும். பைத்தான் 3ல எண் வளர வளர இடமும் வளரும்.

அப்போ நடந்த விஷயத்துக்கு ஒரு பேரு, அதுக்கப்புறம் மொழி என்ன செய்யுதுங்கறதுக்கு வேற பேருன்னு பிரிச்சாதான் பாடம் எழுதறவங்களுக்கு உதவும். ஓவர்ஃப்ளோவுக்கு ‘அளவுமீறல்’ வைக்கலாம். மைனஸ் பக்கம் கடைசி எண்ணுக்குக் கீழ போனாலும் இன்டிஜர்ல அது ஓவர்ஃப்ளோதான், வழிதல்னு சொன்னா அது புரியாது, அளவுமீறல்னா ரெண்டு பக்கமும் பொருந்தும். 1996 ஜூன் 4 அன்னிக்கு ஏரியான் 5 ராக்கெட் வெடிச்சதுக்குக் காரணமும் 64 பிட் ஃப்ளோட்டை (தசம எண்) 16 பிட் இன்டிஜரா மாத்தறப்ப எண் கொள்ளாம போனதுதான், அங்க எண் சுத்தி வரல, எரர் வந்து வழிகாட்டுற கம்ப்யூட்டரே நின்னுபோச்சு.

ராப்அரவுண்டுக்கு, அதாவது ஜாவால மாதிரி மறுகோடிக்குச் சுத்தி வர்றதுக்கு, ‘சுற்றித்திரும்பல்’. சாச்சுரேட்டிங்குக்கு, அதாவது 8 பிட் அன்சைன்டுல (மைனஸ் இல்லாத வகை, உச்சம் 255) 255ஓட 10 கூட்டினாலும் 255லயே நிக்கறதுக்கு, ‘தலைதட்டல்’னு வைக்கணும்னு ரொம்ப ஆசை. படியில நெல்லு அளக்கும்போது மேல குவிஞ்சதைத் தட்டி விட்டுட்டு விளிம்போட நிறுத்துவாங்களே, அச்சு அசலா அதேதான் இது.

சுற்றித்திரும்பல் மட்டும் கொஞ்சம் நீளமா படுது, அதைவிடச் சின்னதா யாருக்காச்சும் தோணினா சொல்லுங்க.