மறு: 'வாய்ப்' என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

வெளிநாட்டில் வேலை செய்வோரின் குடும்பங்களுக்காகத் தருமபுரியில் நாம் தயாரித்துவரும் கையேட்டில், இணையத்தின் வழியே குறைந்த செலவிலோ செலவே இல்லாமலோ பேசுவது (ஆங்கிலத்தில் Voice over Internet Protocol, சுருக்கமாக 'வாய்ப்', VoIP) பற்றிய பகுதிக்குத் தலைப்புச் சொல் இன்னும் முடிவாகவில்லை. வந்த பரிந்துரைகளில் 'இணையத் தொலைபேசி' என்பதற்கே ஆதரவு மிகுதி. எனக்கு அதில் உடன்பாடில்லை. வழியும் விலையும் வெவ்வேறான மூன்று பொருள்களை ஒரே சொல்லில் அடைக்கப் பார்க்கிறோம் என்பது என் எண்ணம்.

மற்ற பரிந்துரைகளை முதலில் பார்த்துவிடலாம். 'வாய்ப்' என்றே எழுதிவிடலாம் என்கிறார் ஓசூர் நண்பர். அச்சில் அது 'வாய்ப்பு' என்பதில் எழுத்து விடுபட்டதுபோலத்தான் தெரியும். அதையொட்டி விளையாட்டாக வந்த 'வாய்ப்பேச்சு' சிரிக்க வைத்தது. வாய்ப்பேச்சில் வீரர்கள் ஏற்கெனவே ஊருக்கு ஊர் இருப்பதால் அதை அவர்களுக்கே விட்டுவிடுவோம். அரூர் அம்மையார் தந்த 'இணைய நெறிமுறைவழிக் குரல்' ஆங்கிலப் பெயருக்கு மிகச் சரியான நேர் மொழிபெயர்ப்பு. ஆனால் 'நெறிமுறை' என்றதும் பொதுவாசகருக்குத் தேர்தல் நடத்தை நெறிமுறைதான் நினைவுக்கு வரும் என்பதால், விளக்கவுரைக்குப் பொருந்துகிற அளவுக்குத் தலைப்புக்குப் பொருந்தாது.

'இணையத் தொலைபேசி'யின் சிக்கல் அதன் ஈற்றில் இருக்கிறது. தொலைபேசி, கைபேசி, அலைபேசி ஆகிய மூன்றும் கையில் எடுத்துப் பேசும் கருவிகள். நாம் பெயர் தேடுவது கருவிக்கு அன்று. அதே கைபேசியில் ஓர் அழைப்பு எந்த வழியாகப் போகிறது என்பதற்கு. 'இணையத் தொலைபேசி வேண்டும்' என்று கடையில் கேட்டால், நெட் வசதியுள்ள போன் ஒன்றை எடுத்துக் காட்டுவார்கள்.

மக்கள் என்ன சொல்கிறார்கள் என்பதையும் நாம் கணக்கில் எடுக்க வேண்டும். மகன் துபாயில் இருக்கும் பாலக்கோட்டுத் தாய் ஒருவர் என்னிடம் இப்படிச் சொன்னார்: "நெட்டுல வந்தா ரெண்டு பேருக்கும் காசு இல்லீங்க, நம்பர்ல வந்தாத்தான் அவனுக்குக் காசு போவுது." அவர் 'நெட் கால்', 'நம்பர் கால்' என்று பிரித்துச் சொன்னது, அழைப்பு எங்கே போய் முடிகிறது என்பதை வைத்துத்தான். நம் சட்டமும் அப்படித்தான் பிரித்தது. 2002 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் இணையவழிப் பேச்சு அனுமதிக்கப்பட்டபோது, கணினியிலிருந்து கணினிக்கும், கணினியிலிருந்து வெளிநாட்டுத் தொலைபேசிக்கும் பேசலாம், உள்நாட்டுத் தொலைபேசி எண்ணில் கொண்டுவந்து சேர்க்கக் கூடாது என்பது ஏற்பாடு. உரிமம் பெற்ற நிறுவனங்கள் அதையும் செய்யலாம் என்ற தெளிவு 2018இல்தான் வந்தது.

இந்தப் பிரிவினையின் அடிப்படை, தொழில்நுட்பத்திலேயே இருக்கிறது. பழைய முறையில், ஐ.எஸ்.டி. பூத்தில் சிவப்பு எண்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பேசிய காலத்தில், பேசுபவர் வாய்மூடி நின்றாலும் இரு முனைகளுக்கும் இடையே ஒரு தடம் அவருக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது, அதற்குத்தான் கட்டணம். இணையவழியில் அப்படித் தடம் ஒதுக்குவதில்லை. குரல் பொதுவாக 20 மில்லிவினாடித் துண்டுகளாக நறுக்கப்பட்டு, நொடிக்கு 50 பொதிகளாக, ஒவ்வொன்றிலும் முகவரி எழுதி அனுப்பப்படுகிறது. குரலை எண்களாக மாற்றும் ஜி.711 என்னும் குறிமுறையில் ஒரு பொதியில் 160 பைட் குரலும் 40 பைட் முகவரிக் குறிப்பும் இருக்கும். சுருக்கம் மிகுந்த ஜி.729இல் குரல் வெறும் 20 பைட்தான், முகவரிக் குறிப்போ அதே 40 பைட். சரக்கைவிடச் சீட்டு இரு மடங்கு கனம். துபாயானாலும் டொராண்டோவானாலும் இந்தப் பொதிகளுக்குத் தூரத்தை வைத்துக் கூலி கிடையாது. தரவுத் திட்டத்துக்குக் கட்டியதோடு சரி.

கூலி வருவது, பொதிகளாக வந்த குரலை ஒரு நிறுவனத்தின் வலையமைப்பில் சேர்த்து, சாதாரண எண்ணில் மணியடிக்க வைக்கும்போதுதான். கிருஷ்ணகிரி மண்டிக்கு வரும் லாரிக்காரருக்கு இது புரியும்: வாடகை வேறு, இறக்குக்கூலி வேறு. அழைப்பைப் பெறும் நிறுவனம் வாங்கும் இந்தத் தொகையை, 'முடிவுக் கட்டணம்' என்று எழுதாமல் 'இறக்குக்கூலி' என்றே எழுதலாம் என்பது என் முதல் பரிந்துரை. உள்நாட்டு அழைப்புகளுக்கு இது 2021 ஜனவரி 1 முதல் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளுக்கு இன்னும் உண்டு. வெளிநாட்டு அழைப்பை இணையத்தில் கொண்டுவந்து, உள்ளூர் சிம் அட்டைகள் செருகிய பெட்டியின் வழியே உள்ளூர் எண்ணாகக் காட்டுகிற 'சிம் பாக்ஸ்' மோசடி இந்தக் கூலியை ஏய்ப்பதற்காகவே நடக்கிறது. அப்பெட்டியை வீட்டில் வைக்க வாடகை தருவதாக யாராவது வந்தால் ஒப்புக்கொள்ளக் கூடாது என்பதையும் கையேட்டில் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

இனி, 'இணைய' என்ற அடைமொழியே எல்லா இடத்திலும் பொருந்துமா என்ற கேள்வி. 4ஜி வலையமைப்பிலேயே குரலையும் அனுப்பும் வோ-எல்.டி.இ. (VoLTE) முறையில் நாம் இன்று பேசும் சாதாரண எண் அழைப்பும் பொதிகளாகத்தான் போகிறது. 2016இல் வந்த ஜியோவில் தொடக்கத்திலிருந்தே குரலுக்கு அதுதான் வழி. ஆனால் அந்தப் பொதிகள் பொது இணையத்தில் நுழைவதில்லை. நிறுவனத்தின் சொந்த வலையமைப்பில், குரலுக்கு முன்னுரிமை தந்து கொண்டுபோகப்படுகின்றன. அலுவலகத்துக்குள் மேசைக்கு மேசை பேசும் ஐ.பி. போன்களும் இணையத்தைத் தொட வேண்டியதில்லை. எனவே தொழில்நுட்பத்தின் பெயரில் 'இணையம்' வருவது பிழை; 'பொதி' வருவதே முறை. 'குரலா, ஒலியா' என்று ஒருவர் கேட்டிருந்தார். பாட்டும் வாகன இரைச்சலும் ஒலியே ஆகையால் 'குரல்' போதும்.

ஆகவே நான் முன்வைப்பவை இவை. தொழில்நுட்பத்துக்குப் 'பொதிவழிக் குரல்'. இரு முனையும் இணையத்திலேயே இருக்கும் வாட்ஸாப், போட்டிம் போன்ற செயலிகளின் அழைப்புக்கு 'இணைய அழைப்பு'. நாம் வழக்கமாகப் பேசுவதற்கு 'எண் அழைப்பு'. இணையத்தில் புறப்பட்டுச் சாதாரண எண்ணில் போய்ச் சேர்வதற்கு 'இறங்கழைப்பு'. ஸ்கைப்பில் பணம் கட்டி வீட்டுத் தொலைபேசிக்குப் பேசினோமே, அந்த வகை. அச்செயலி 2025 மே மாதத்தோடு மூடப்பட்டதால் கையேட்டின் பழைய படியில் உள்ள அதன் வழிமுறைப் பக்கங்களை நீக்க வேண்டும் என்பதையும் நினைவூட்டுகிறேன். அமீரகத்தில் வாட்ஸாப் குரல் அழைப்பு முடக்கப்பட்டு, அனுமதி பெற்ற செயலிகளே ஓடுகின்றன என்ற குறிப்பு 'இணைய அழைப்பு' என்ற தலைப்பின் கீழ்தான் வர வேண்டும். எண் அழைப்புக்கு அந்தத் தடை இல்லை.

துணைச்சொற்களில் பெரிய தகராறு இல்லை. பொதிகள் சேரத் தாமதமாவதற்குச் 'சுணக்கம்' நல்ல சொல். ஒரு திசையில் அது 150 மில்லிவினாடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. பொதிகள் ஒழுங்கான இடைவெளியில் வராததை 'நடுக்கம்' என்று எழுதினால், பேசுபவரின் குரல் நடுங்குவதாகப் பொருள்படும். 'வரவுப் பிசகு' எனலாம். விளக்கத்தில், "குரல் வெட்டி வெட்டி வருகிறது" என்று மக்கள் சொல்வதையே எழுதிவிடலாம்.

'இறங்கழைப்பு' செயற்கையாக இருக்கிறது என்று யாரேனும் மறுத்தால் வியப்படைய மாட்டேன். அதைவிட நல்லது வந்தால் உடனே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் 'எண் அழைப்பு' ஒலிக்கும் விதத்தில் எனக்கே ஓர் ஐயம் உண்டு. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதோ பேசுகிற குடும்பங்கள் இக்கையேட்டைப் படிக்கும்போது 'எண்' சட்டென்று விளங்குமா, 'நம்பர் அழைப்பு' என்றே விட்டுவிட வேண்டுமா என்பதை, அப்பகுதி உறுப்பினர்கள் இரண்டு மூன்று வீடுகளில் விசாரித்து எழுதினால், அச்சுக்கு அனுப்புமுன் அந்தச் சொல்லை மட்டும் தனியே முடிவுசெய்யலாம்.

அன்புடன்,
தருமபுரியிலிருந்து ஓர் உறுப்பினர்