மறு: டயர் அழுத்த உணரி மாற்றியபின் செய்யும் வேலைக்கு என்ன சொல்?

> 'உருளிப்பட்டை உள்ளழுத்த உணர்கருவி' எனலாமா? புதியதைப் பொருத்தியபின் செய்வது 'மறுகற்றல்'.

அன்புள்ள ஐயா, வணக்கம்.

கருவியின் பெயருக்கு 'டயர் அழுத்த உணரி' போதும். 'டயர்' பஞ்சர் கடைவரை வேரூன்றிய சொல். 'உணரி'யும் புழக்கத்துக்கு வந்துவிட்டது.

ஆங்கில 'relearn'ஐ அப்படியே பெயர்த்த 'மறுகற்றல்'தான் எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்காவில் 2007 செப்டம்பருக்குப் பின் தயாரான எல்லாக் கார்களிலும் அழுத்தக் கண்காணிப்பு கட்டாயம். ஆகவே அங்கே பழைய கார் வைத்திருக்கும் நம்மவர் பலருக்கும் இந்தச் செலவு வருகிறது. உணரி சக்கரத்துக்குள், வால்வின் அடியில் இருக்கிறது. பேட்டரியை உள்ளேயே வைத்து மூடிவிடுகிறார்கள், தனியாக மாற்ற வழியில்லை. ஐந்து முதல் பத்து ஆண்டுகளில் அது தீர்ந்ததும் உணரியையே மாற்ற வேண்டும். அதற்கு டயரை ரிம்மிலிருந்து பிரித்து, மாட்டி, மறுபடி பேலன்ஸ் பார்க்க வேண்டும். நான்கும் ஒரே வயது என்பதால் ஒன்று போனால் மற்றவையும் பின்னாலேயே வரும். புது டயர் போடும்போதே மாற்றிவிட்டால் பிரித்து மாட்டும் கூலி மிச்சம்.

அப்புறம்தான் நாம் பெயர் தேடும் வேலை. ஒவ்வொரு உணரிக்கும் ஓர் அடையாள எண் உண்டு. கடைக்காரர் கையடக்கக் கருவியை வால்வருகே பிடித்து உணரியை எழுப்புவார், அது தன் எண்ணை அனுப்பும். சில கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள இணைப்பில் கருவியைச் செருகி அந்த எண்ணைக் காரின் கணினியில் ஏற்ற வேண்டும். சிலவற்றில் சிறிது தூரம் ஓட்டினாலே கார் தானாக எடுத்துக்கொள்ளும். இதில் கற்பது எதுவும் இல்லை, எண்ணைப் பதிவதுதான் நடக்கிறது. எனவே 'உணரிப் பதிவு'. ரசீதில் இந்தப் பெயரில் தனிக்கட்டணம் கண்டால், எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று வண்டிக்காரருக்கு உடனே விளங்கும்.

'மீளமைப்பு' (reset) இதிலிருந்து வேறு. சில கார்களில் சக்கரத்துக்குள் உணரியே கிடையாது. காற்று குறைந்த சக்கரம் சற்று வேகமாகச் சுழல்வதை, பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வழியாகக் கணிக்கிறார்கள். அங்கே காற்றைச் சரியாக நிரப்பிவிட்டுப் பொத்தானை அழுத்துவதுதான் மீளமைப்பு. பேட்டரி தீர்ந்த உணரிக்கு எத்தனை முறை மீளமைத்தாலும் பயனில்லை. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், பொத்தானோடு முடிய வேண்டியவர் புது உணரிக்குப் பணம் கட்டிவிட்டு வருவார்.

டாஷ்போர்டில் எரியும் டயர் அழுத்த எச்சரிக்கை விளக்குக்கும் இரண்டு பெயர் வேண்டும். விடாமல் எரிந்தால் 'காற்றுக்குறை எச்சரிக்கை': அமெரிக்க விதிப்படி, பரிந்துரைத்த அழுத்தத்தில் 25 விழுக்காடு குறையும்போது எரிந்தாக வேண்டும். வண்டியைக் கிளப்பியதும் ஒரு நிமிடம் போலச் சிமிட்டிவிட்டு நிலையாக எரிந்தால் 'உணரிப் பழுது' என்று முதலில் எழுதியிருந்தேன். உணரியே இல்லாத காரிலும் அமைப்பு பழுதாகலாம் என்பதால் அதைக் 'கண்காணிப்புப் பழுது' என்று மாற்றுகிறேன்.

ஒன்று மீதி இருக்கிறது. டயர்களை முன்னும் பின்னுமாக இடம் மாற்றினால், எந்த எண் எந்த மூலையில் என்று சில கார்களுக்குத் திரும்பச் சொல்ல வேண்டும். 'இடப்பதிவு' என்று வைத்திருக்கிறேன். 'இடது' என்று யாரும் மயங்கக்கூடும், வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள் ஐயா.