கைதி விதி மீறினால் எதுவரை கண்டிக்கலாம்?

வேலன்: அறைச் சோதனையில் ஒரு கைதியிடம் செல்போன் சிக்குகிறது. அவரைத் தனியறையில் அடைத்து, வீட்டார் மனு போட்டுப் பார்ப்பதையும் நிறுத்தலாமா? கண்டிக்காமல் விட்டால் பிளாக் முழுக்கப் பரவிவிடுமே?

கதிரேசன்: கண்டிப்பு கட்டாயம் வேண்டும், தம்பி. ஆனால் தண்டிக்கும் அதிகாரம் கண்காணிப்பாளருக்குத்தான்; 1894 சிறைச் சட்டம் 46ஆம் பிரிவைப் பாருங்கள். வார்டர் கை ஓங்கினால் அதுவே குற்றம். குற்றச்சாட்டைக் கைதிக்குப் புரியும் மொழியில் சொல்லி, பதில் சொல்ல நேரம் கொடுத்து, விசாரித்து, தண்டனைப் பதிவேட்டில் உடனே எழுதுங்கள். பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்: முதலில் அடைத்துவிட்டு, தேதியைப் பிறகு நிரப்புவார்கள். நீதிமன்றத்தில் அந்தப் பதிவேடு நிற்காது.

மலர்விழி: சுனில் பத்ரா என்ற கைதியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1979 டிசம்பரில் தந்த தீர்ப்பின்படி, தனிமை அறைக்கு அமர்வு நீதிபதியின் பரிசீலனை வேண்டும். அவசரம் என்றால், அடைத்த 2 நாளுக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். கைதிகளை நடத்தும் முறை பற்றிய ஐ.நா.வின் மண்டேலா விதிகள் (2015) தொடர்ந்து 15 நாளுக்கு மேல் தனிமை கூடாது என்கின்றன. சாப்பாடு, தண்ணீரைக் குறைப்பதும் கூட்டுத் தண்டனையும் அறவே கூடாது. குடும்பத் தொடர்பைத் தண்டனையாக வெட்டவே கூடாது. பாதுகாப்புக்குத் தேவையான அளவில், குறுகிய காலத்துக்கு மட்டும் கட்டுப்படுத்தலாம்.

கதிரேசன்: தனியறையில் இருப்பவரை மருத்துவப் பணியாளர் தினமும் பார்க்க வேண்டும். கதவு இடுக்கில் எட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது பார்ப்பதல்ல. தூங்கினாரா, சாப்பிட்டாரா என்று வாய்விட்டுக் கேளுங்கள். பேச்சு திடீரென நின்றுபோனால், அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.